சுடர்க்கொடியின் மூடிய கண்கள்

நாலு முகம் முடிந்துவிட்டது. ஐந்தாவதுதான் பாக்கி. தரையில் சாய்ந்து கிடக்கிற தாவணிப் பெண்ணின் கழுத்துக்கு மேலே, உரித்த முட்டை மாதிரி வெள்ளையாக ஒரு வட்டம், அவ்வளவுதான். தங்கபுஷ்பம் நிப்பைத் துடைத்தாள். துடைத்த நிப்பை இன்னொரு தரம் துடைத்தாள். மைப்புட்டியைத் திறந்தாள், காய்ந்துவிடுமே என்று மூடினாள். வேலையைத் தள்ளிப்போட நினைக்கிறவர்களுக்கு இந்த மாதிரி நூறு வேலை கிடைக்கும். சாயங்காலம் பால்வண்ணம் அண்ணன் சைக்கிளில் வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நேரே கேமரா ரூம், அப்புறம் பிளேட், அப்புறம் அச்சு மிஷின். அதற்குள் இந்தப் பிள்ளையைச் சாகடித்தாக வேண்டும். சாகடிப்பது என்று சொன்னால் பெரிய பேச்சு. வில்லன் டாக்டர் கந்தகம் தீ வைத்த வெடிச் சரக்குக் கிட்டங்கி வெடித்துவிடாமல் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தி, உள்ளே மாட்டியவர்கள் எல்லாரும் வெளியே வரும்வரை தாங்கிப் பிடித்து, கடைசியில் தாங்க முடியாமல் விழுந்துவிட்டாள் சுடர்க்கொடி. படக்கதை எழுதுகிற தனுஷ்கோடி அண்ணாச்சி சாகடித்துவிட்டார். உடம்பு போடுகிற பால்வண்ணம் அண்ணன் கிடத்திவிட்டார். எழுத்துக்காரர் கட்டத்துக்குக் கீழே ‘சுடர்க்கொடியின் கண்கள் மூடின’ என்று எழுதி ஒட்டியும் விட்டார். இவள் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு முகம், இரண்டு மூடிய கண். சுற்றி நிற்கிற நாலு பேருக்கும் அழுகை கச்சிதமாக வந்திருக்கிறது. மருதுவுக்கு உதடு கோணி, அல்லிக்கு மூக்கு விடைத்து, நெட்டை சாலமனுக்குத் தொண்டை முடிச்சு மேலே ஏறி, குட்டி பஷீர் முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு. அழ வைத்தாயிற்று. எதைப் பார்த்து அழுகிறார்கள் என்பதை மட்டும் இன்னும் போடவில்லை.

உடம்பு ஒருத்தர், முகம் ஒருத்தர் என்கிற இந்த ஏற்பாடு காலண்டரிலிருந்து வந்தது. சிவகாசியில் சாமி படம் போடுகிற இடத்தில் நகை போடுகிறவர் தனி, பட்டு மடிப்பு போடுகிறவர் தனி, பின்னால் நிற்கிற மயிலுக்கும் தாமரைக்கும் தனி ஆள். முகம் கடைசி. முகத்திலும் கண் கடைசி. கண் திறக்கிற அன்றைக்குத் தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், கிழக்கே பார்த்து உட்கார்ந்து இரண்டு புள்ளி வைக்க வேண்டும். வைத்துவிட்டால், அதுவரை நாம் பார்த்துக்கொண்டிருந்த பொம்மை நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் தங்கபுஷ்பத்துக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். லட்சுமிக்குத் திறந்திருக்கிறாள், முருகனுக்குத் திறந்திருக்கிறாள், தொட்டிலில் கிடக்கிற குழந்தை ஏசுவுக்கும் திறந்திருக்கிறாள். திறக்கத்தான் தெரியும். மூடின கண் காலண்டரில் விற்காது என்று அண்ணாச்சி யாருக்கும் மூடச் சொன்னதில்லை. தியானத்தில் இருக்கிற சிவனுக்குக்கூட, “பாதி திறந்து வை தங்கபுஷ்பம், வாங்குறவன அவரு பாக்கணும்ல” என்பார். அந்த அண்ணாச்சிதான் இப்போது முழுசாக மூடச் சொல்கிறார். மனுஷன் வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசலாம், கை ஒத்துவர வேண்டாமா? கை அதுபாட்டுக்கு மேஜைமேல் கிடக்கிறது, மத்தியானம் சாப்பிட்ட புளிக்குழம்பின் வாசனையோடு.

இந்த ஐந்து பேரும் பிறந்ததே மிஷின் சும்மா நின்றதால்தான். தை பிறந்தால் காலண்டர் வேலை ஓய்ந்துவிடும். ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போடும்வரை அச்சாபீசில் ஈ ஓட்ட வேண்டியதுதான். சும்மா நிற்கிற மிஷினைப் பார்த்தால் முதலாளி அண்ணாச்சிக்குப் பொறுக்காது. ஒருநாள், “பிள்ளைக பொஸ்தகம் ஒண்ணு போட்டா என்ன?” என்றார். மறுநாள் கதையோடு வந்துவிட்டார். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அடை மழை. உள்ளே ஐந்து பிள்ளைகள் தட்டிக்கொண்டிருக்கும்போது கூரையில் மின்னல் விழுகிறது. விரல் எல்லாம் சாவியில் இருந்ததால் மின்னல் மிஷின் வழியாகப் பிள்ளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. ஒருவனுக்குப் பலம், ஒருத்திக்குக் காது, ஒருவன் நீளுவான், ஒருவன் மறைவான், ஒருத்தி பறப்பாள். பேர் வாணப் பட்டாளம். “பொம்பளப்பிள்ள பறக்குறதுன்னா தாவணியோட பறக்கட்டும், பின்னு குத்திவிட்ரு பால்வண்ணம்” என்று அதற்கும் அண்ணாச்சியே ஏற்பாடு சொன்னார். முதல் இதழைப் பார்க்க வேண்டுமே! வில்லன் மருதுவின் வயிற்றில் குத்துகிறான், மருது திருப்பதிப் பெருமாள் மாதிரி மந்தகாசமாக நிற்கிறான். ஐந்து பேரும் அப்படித்தான். வீடு எரிகிறது, புன்னகை. லாரி மோத வருகிறது, புன்னகை. சாமிக்குச் சிரிப்பு போட்டே பழகிய கைக்கு வேறு என்ன வரும்? அதற்கு மேல் பால்வண்ணம் அண்ணன். பறக்கிற பெண்ணுக்கு வலது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், வழக்கமாக எங்கே வைப்பாரோ அங்கேயே வைத்துவிட்டார். லாரியைப் பார்த்து ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டே பறந்தாள் சுடர்க்கொடி. அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தார்கள். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பிள்ளைகளின் தபால் கார்டுகள் வர ஆரம்பித்தன. கொடி அக்கா உள்ளங்கையைக் காட்டியதால்தான் லாரி நின்றதா, அவர் கையைக் காட்டினால் எதுவும் நின்றுவிடுமா? “ஆமா, அதனாலதான் நின்னுச்சு!” என்று அண்ணாச்சி அடுத்த இதழிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிட்டார். போட்டுவிட்டு, பால்வண்ணம் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்படி வந்த வரம் அந்த வரம்.

முகத்துக்கு அவள் எங்கே போவாள்? லட்சுமிக்கு இன்ன முகம் என்று எல்லாருக்கும் தெரியும், அதில் கூட்டிக் குறைக்க ஒன்றும் இல்லை. டைப்ரைட்டிங் படிக்கிற பிள்ளைக்கு யார் முகம்? மருதுவுக்குப் பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவன் முகத்தை எடுத்தாள். சாலமனுக்குக் கோயிலில் ஹார்மோனியம் வாசிக்கிறவன். அல்லியும் பஷீரும் தெருவில் ஓடுகிற பிள்ளைகள். சுடர்க்கொடிக்கு யோசிக்கவே இல்லை, வீட்டிலேயே இருந்தாள். மகள் வேணிக்கு அப்போது வயது பதினொன்று. இதோ இந்த ஜன்னலோர முக்காலியில்தான் உட்கார வைப்பாள், சாயங்கால வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும். வாய் நிறையப் பொரிகடலை. “கோவமாப் பாருடி.” “கோவம் வரலம்மா.” பொரிகடலைக் கிண்ணத்தைப் பிடுங்கி ஒளித்து வைத்தால் வந்துவிடும், என்ன கோபம், கொடி மூன்று பக்கத்துக்கு டாக்டர் கந்தகத்தை முறைத்தது அந்தக் கோபத்தில்தான். ஆச்சரியம் வேண்டும் என்றால் கரண்டியைக் கீழே போடுவாள். பயம் வேண்டும் என்றால் “பல்லி” என்பாள். அம்மாவும் மகளும் சிரித்துச் சிரித்து மை கொட்டிய நாள் உண்டு. வேணிக்கு ஒரே ஒரு குறைதான். மூக்கு. லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருக்கிற அப்பா சுயம்புலிங்கத்தின் மூக்கு அப்படியே வந்திருக்கிறது, நுனியில் உருண்டு, கொஞ்சம் தாராளமாக. மாதா மாதம் முக்காலியிலிருந்து இறங்கும்போது சொல்லுவாள், “மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடும்மா.” தங்கபுஷ்பம் மாதா மாதம் சரி என்பாள். இருக்கிற மூக்கைத்தான் போடுவாள். அந்த மூக்கின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. புருஷனிடம்கூட இதைச் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறிக்கொள்வார்.

முதலில் வேணிக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரோட்டில் போகிற ஆட்டைக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். ஆடு ஒருதரம் நிற்கவும் செய்தது, எதற்கு நின்றதோ. வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் நடித்துக் காட்டினாள், ஆடாகவும் அவளே, கொடியாகவும் அவளே. அது ஒரு காலம் என்று நினைத்துத் தங்கபுஷ்பம் தன்னையே அதட்டிக்கொண்டாள். காலமாவது ஒன்றாவது, மூன்று வருஷம் முன்னால். கொடிக்குக் கதையில் வயது ஏறவே இல்லை, அதே டைப்ரைட்டிங் லோயரில்தான் இன்னும் இருக்கிறாள். வேணிக்கு ஏறிவிட்டது. கன்னம் வற்றியது, கழுத்து நீண்டது, புருவத்துக்கு நடுவில் யோசனை வந்து உட்கார்ந்தது. தங்கபுஷ்பம் அறியாமலே கொடிக்கும் அதெல்லாம் வந்தது. கணக்கு சார் ஒருநாள் தப்பான விடையைப் பார்த்துவிட்டு, “கையக் காட்டிப் பரிச்சைய நிறுத்திரலாம்னு இருக்கியா?” என்றாராம். வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். அதைச் சொன்னபோது வேணியும் சிரித்தாள். சிரித்த வாய் ஒரு பக்கமாகப் போனதை இவள் பார்த்தாள். பார்த்தாள், அது தப்பில்லை. ‘இந்த வாய் நல்லா இருக்கு, அல்லிகிட்ட தோத்துப்போற எடத்துக்கு ஆகும்’ என்று மனசில் எடுத்து வைத்துக்கொண்டாளே, அதுதான். கண்ணில் எது பட்டாலும் கை கேட்கிறது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதற்கும் முகம் எடுப்பதற்கும் நடுவில் எங்கே கோடு போடுவது? அந்தக் கோடு அவளுக்குத் தெரிந்திருந்தால் அந்த அழுகையைப் போட்டிருக்க மாட்டாள்.

அந்த அழுகை. அதை நினைக்க வேண்டாம் என்றுதான் நிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாந்தகுமாரி என்று வேணிக்கு உயிர்ச் சிநேகிதி ஒருத்தி, அப்பாவுக்கு மாற்றலாகித் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். வேணி பஸ் ஸ்டாண்டில் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று, சத்தம் வராமல் தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். தங்கபுஷ்பம் தண்ணீர் எடுக்கப் போனவள் நின்றுவிட்டாள். கிட்டே போயிருக்கலாம். போகத்தான் காலை எடுத்தாள். ஆனால் அந்த மேலுதடு, அடக்க அடக்கத் திமிறுகிற தாடை, காதுக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம்தான் போய் அணைத்தாள். அடுத்த இதழில் சாலமனை டாக்டர் கந்தகம் பிடித்துக்கொண்டு போனான். சுடர்க்கொடி தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு முகம் அவள் கையிலிருந்து அதற்கு முன்னால் வந்ததில்லை. அண்ணாச்சி அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். புத்தகம் வந்த அன்றைக்கு வேணி வாசலில் நின்றே பிரித்தாள். அந்தப் பக்கத்தில் நின்றாள். மூடினாள். “இது என்னோடது” என்றாள். “எதுடி?” “இந்த அழுக. நான் யாருக்கும் தெரியாம அழுதேன். நீ ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுத்துட்ட.” புத்தகத்தை அம்மா கையில் திணித்தாள். “இனிமே என் மூஞ்சியப் போடாத. எங்கிட்டயிருந்து எதையும் எடுக்காத.” கத்தவில்லை, அடம் பிடிக்கவில்லை, பெரியவர்கள் பேசுகிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள். “சரிம்மா, போடல” என்று கதவைப் பார்த்து இவள் சொன்னாள். அன்றிலிருந்து முக்காலி காலியாகக் கிடக்கிறது. சாப்பிடும்போது வேணி முடியை முன்னால் விட்டு ஒரு பக்கத்தை மறைத்துக்கொள்கிறாள். அம்மா நிமிர்ந்தால் மகள் குனிகிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு பிள்ளையின் முகத்தைக் கண் தேடுகிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்ல?

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற இரண்டு இதழாகச் சுடர்க்கொடி முதுகைக் காட்டிக்கொண்டே பறந்தாள். முடி முகத்தில் விழுந்தது, புகை வந்து மறைத்தது, மேகம் வந்து மறைத்தது. பிள்ளைகள் விடுவார்களா? கொடி அக்காவுக்கு எங்கள் மேல் என்ன கோபம் என்று கார்டு வந்தது. வேறு வழியில்லாமல் அண்ணாச்சியிடம் போய் நின்றாள். “முகத்த மாத்துறதா? என்ன பேசுற தங்கபுஷ்பம்! போன வருசம் இருந்த லட்சுமிக்கு இந்த வருசம் வேற முகம் வச்சா எவன் சொவத்துல மாட்டுவான்?” “பிள்ள வேண்டாங்குது அண்ணாச்சி.” அண்ணாச்சிக்கும் மூன்று பெண் பிள்ளைகள். ரொம்ப நேரம் மேஜையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “அப்பச் சரி. கொடி போயிரட்டும். ஆனா வீரமாப் போகட்டும், ஆயிரம் பேரக் காப்பாத்திட்டுப் போகட்டும்” என்றவர் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கொல்லுகிற ரகம். இவள் வீடு வந்து சேரும் வரைக்கும் தான் என்ன செய்துவிட்டு வருகிறோம் என்று உறைக்கவில்லை. பிள்ளை முகத்தை விடுவித்துத் தரப்போனவள், பிள்ளை முகத்துக்குச் சாவு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வேணிக்கு இது தெரியாது. எப்படிச் சொல்வது? ‘உனக்காகத்தான்’ என்றா? அதைவிட ஒரு கொடுமையான வார்த்தை உண்டா?

வேறு யார் முகத்தையாவது வைத்துவிடலாம் என்றால், அது கொடி இல்லை, வேறு யாரோ செத்துக் கிடப்பாள். நாலு பேர் முன்பின் தெரியாதவளைப் பார்த்து அழுவார்கள். கொடி முகம்தான் வைக்க வேண்டும் என்றால், அது வேணி. வேணியைப் போட மாட்டேன் என்று சொல்லியாயிற்று. கடைசியாக ஒரே ஒருதரம் போடலாம் என்றால், போடுவது இதையா? சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நிற்கிறது. சரி, செத்த முகம் என்று ஒன்று இருக்கிறதே, பார்க்காததா, அதைப் போட்டு மூக்கை மட்டும் மாற்றிவிடலாம். மாமியார் முகம் ஞாபகம் வந்தது, தாடையைச் சுற்றி வேட்டித் துணி கட்டி, நாசியில் பஞ்சு வைத்து. உதடு உள்ளே போயிருந்தது, நெற்றி மட்டும் பளபளவென்று. அந்த நெற்றியை இந்த வட்டத்துக்குள் கொண்டுவந்து, அதற்குக் கீழே தாராளமான அந்த மூக்கை வைத்து. ச்சீ. தங்கபுஷ்பம் நிப்பைக் கீழே போட்டாள். மின்விசிறி அட்டையின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கண் திறக்கிறவள் வாயால்கூட அபசகுனமாக எதுவும் பேசக் கூடாது என்று அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்; கண் மூடுகிறவளுக்கு என்ன சட்டம் என்று யாரும் சொல்லவில்லை. குளிக்க வேண்டுமா, எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும்? மேற்கா? மேற்கே பார்த்தால் வேணி படிக்கிற பள்ளிக்கூடம் இருக்கிறது. நிப்பை மறுபடி எடுத்து மையில் தோய்த்தாள், இமைக்கோட்டுக்கு மேலே கொண்டுபோனாள்.

டம் என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது. தெருவே ஒரு மூச்சு நின்றது. தறிகெட்டுக் கத்திக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்தார்கள். இந்தப் பட்டாசு ஊரில் சத்தம் கேட்டால் யாரும் யாரையும் கேட்பதில்லை. நேரே மொட்டை மாடிக்கு ஓடிப்போய் எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்ப்பார்கள், அந்தத் திசையில் யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மனசுக்குள் எண்ணுவார்கள். தங்கபுஷ்பம் நிப்பும் கையுமாகப் படியேறி ஓடினாள். சேலை தடுக்கியது, மை தெறித்தது. போட நினைத்தேன், போடவில்லையே, கோடு விழவில்லையே, நினைத்ததற்குக் கூடவா? நான் மூட மாட்டேன், அண்ணாச்சி வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டும், நான் லட்சுமிக்குத் திறந்துகொண்டு இருந்துவிடுகிறேன், இந்த ஒருதரம் மட்டும், தாயே, இந்த ஒருதரம். மேற்கே ஒன்றும் இல்லை. வெயிலும் வேப்பமரமும் பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரையும். வடக்கே ஒன்றும் இல்லை. பக்கத்து மாடியில் பேச்சியம்மா அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். “கல்லு ஒடைக்கிற எடத்துல வெடி வச்சிருக்கானுக தங்கபுஷ்பம். தூசிதான், பொக இல்ல. என்னத்துக்குக் கையில பேனாவோட நிக்க?” “ஒண்ணுமில்லக்கா.” “சேலையெல்லாம் மை. இறங்கு, போயித் தண்ணியக் குடி.” ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்தது. தெரு தன் பாட்டுக்குப் போனது. அவள் மட்டும் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குக் கீழே ஒரு பெஞ்சில் வேணி, முடியை முன்னால் விட்டுக்கொண்டு, அம்மா மேல் கோபத்தோடு, நல்லபடியாக உட்கார்ந்திருக்கிறாள். கோபமாக இருந்தால் என்ன? இருக்கட்டும், நூறு வருஷம் கோபமாக இருக்கட்டும்.

கீழே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தபோது பயம் வடிந்துபோய் உடம்பு லேசாகிவிட்டது. இப்போது சாவு முகம் தேட அவளுக்குத் தெம்பில்லை. மூடின கண், அவ்வளவுதானே? வேணியின் மூடின கண் எப்படி இருக்கும்? கைக்குழந்தையில் எப்படி இருந்தது என்பதெல்லாம் மங்கிவிட்டது. வந்து நின்றது இந்த இரண்டு மாத முகம்தான். தினமும் படுக்கிற நேரத்தில் இவள் வாசல்பக்கம் வந்தால் சட்டென்று தூங்கிவிடுவாளே, அந்த முகம். உண்மையில் தூங்கினால் வேணிக்கு வாய் லேசாகத் திறந்துகொள்ளும், நெற்றி வழுவழு என்று ஆகிவிடும். நடிக்கும்போது உதட்டை இறுக்கி மூடுவாள். இமையை அளவுக்கு மேல் அழுத்துவாள், அதனால் ஓரத்தில் பொடிச் சுருக்கம் விழும். இடது இமை மட்டும் பேச்சைக் கேட்காமல் துடிக்கும். புருவம் ‘நான் தூங்குறேன், நீ போ’ என்று சொல்லும். மூக்கு மட்டும் ஒன்றையும் ஒளிக்காமல் அதுபாட்டுக்கு மூச்சு விடும். தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் நிற்பாள். போர்வையை இழுத்து விட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போவாள். ஒருதரம்கூட எழுப்பியதில்லை, ‘நடிக்காதடி’ என்றதில்லை. நடிக்கும்போதாவது முகத்தைக் காட்டுகிறாளே என்று இருந்தது. கை எப்போது அட்டைக்குப் போனது என்று தெரியாது. இறுக்கின உதடு விழுந்தது. மூக்கு விழுந்தது, இருக்கிறபடி. வலது இமை, ஓரச் சுருக்கம். இடது இமைக்குக் கீழே முடியைவிட மெல்லிசாக ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நிப்பை அட்டையிலிருந்து எடுத்தாள்.

பார்க்கப் பயந்துகொண்டு முகத்தை விட்டுவிட்டுக் கீழே பார்த்தாள், கையைப் பார்த்தாள். காலையில் அட்டையைக் கொடுத்தபோது பால்வண்ணம் அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல், “கை சரியா வரல தாயி, கொஞ்சம் பாத்துக்க” என்றது இப்போதுதான் காதில் ஏறியது. விழுந்து கிடக்கிறவளின் வலது கை. செத்த கை இப்படியா இருக்கும்? விரல் சேர்ந்திருக்கிறது, உள்ளங்கை தரையிலிருந்து ஒரு நூல் எழும்பி, எதையோ இன்னும் நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. இத்தனை வருஷம் சாமிக்குக் கை போட்டவருக்கு ஒரு கை சரியாக வராமலா போகும்? அந்த மனுஷனுக்கும் மனசு வரவில்லை. தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது, அட்டையில் விழுந்துவிடாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். திரும்பினால் வாசலில் வேணி. பை தோளில், செருப்பு ஒரு காலில், இன்னொன்றைக் கழற்றிக்கொண்டு. அட்டையைக் கவிழ்க்கலாம் என்றால் மை காயவில்லை.

வேணி மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கட்டத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தாள். “செத்துப்போயிட்டாளா?”

“அண்ணாச்சி முடிவு பண்ணிட்டாரு.”

“எதுக்கு?”

“நீ வேண்டாம்னு சொன்னேல்ல. முகத்த மாத்த முடியாதுன்னாரு, அதான்.” சொல்லிவிட்டாள், அதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. “இதுவும் ஒன்னக் கேக்காமத்தான் போட்டேன். கடைசித் தரம். திட்டுறதுன்னா திட்டு.”

வேணி திட்டவில்லை. குனிந்தாள். முடி முன்னால் விழுந்து மறைத்தது, படம் பார்க்க முடியாமல் அவளே அதை ஒதுக்கினாள். தங்கபுஷ்பம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள், பார்த்தால் கை கேட்கும்.

“இவ சாகலயே” என்றாள் வேணி.

“என்னடி?”

“இது நான் தூங்குற மாதிரி நடிக்கிற மூஞ்சி.”

தங்கபுஷ்பம் அப்போதுதான் தான் போட்டதை முழுசாகப் பார்த்தாள். ஆமாம், படுபாவி, எல்லாரையும் அழவிட்டுவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு கிடக்கிறாள்.

“ஒனக்குத் தெரியுமா?” வேணியின் குரல் ஒரு மாதிரியாக வந்தது. “நான் நடிக்கிறது?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் தெனமும் போர்வைய இழுத்து விட்டுட்டுப் போனியா?”

“கொசு கடிக்குமேன்னுதான்.”

வேணி மூக்கால் சிரித்தாள். சிரித்தாள் என்று சொல்ல முடியாது, அழுதாள் என்றும் சொல்ல முடியாது, தாவணியால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள். அம்மா இந்த நேரத்தில் தன்னைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். “அண்ணாச்சி கண்டுபிடிச்சிருவாரா?”

“அவரு எங்க கண்டுபிடிக்க? மூடின கண்ணு கேட்டாரு, மூடித்தான இருக்கு.”

“பிள்ளைக கண்டுபிடிச்சிரும்.” வேணி இடது இமைக்குக் கீழே இருந்த மெல்லிய கோட்டுக்கு மேலே, தொடாமல், விரலை வைத்துப் பார்த்தாள். “நடிக்காத பிள்ள எது? கார்டாப் போட்டுக் கொல்லப் போறாங்க அவர.” விரலை எடுத்தாள். “எப்பம்மா கண்ணத் திறப்பா?”

“அது நான் சொல்றதில்ல” என்றாள் தங்கபுஷ்பம். “அவ இஷ்டம்.”

கீழே சைக்கிள் மணி கேட்டது, பால்வண்ணம் அண்ணன் எப்போதும் ஒன்றுக்கு இரண்டு தரம் அடிப்பார். வேணி ஜன்னலைத் திறந்து, “இன்னும் மை காயல அண்ணே, டீ குடிச்சிட்டு வாங்க!” என்று கத்தினாள். பையைக் கழற்றித் தரையில் போட்டாள். தூசி படிந்து கிடந்த முக்காலியைக் காலால் ஜன்னலோரத்துக்குத் தள்ளினாள், பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், முடியை இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் விட்டாள். சாயங்கால வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்தது.

“அழுதா மட்டும் கேட்டுட்டுப் போடணும்” என்றாள்.

“சரி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“சீக்கிரம் போடு. வீட்டுப்பாடம் நெறைய இருக்கு.”

தங்கபுஷ்பம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். தலைக்குக் குளிக்கவில்லை, வயிறு நிறையப் புளிக்குழம்பு, சேலை முழுக்க மை. ஆனால் கிழக்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். வேணி நேராக, மறைக்காமல், கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

“மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடும்மா.”

தங்கபுஷ்பம் சரி என்றாள். இருக்கிற மூக்கைத்தான் போட்டாள்.